அடைமழையில் பாதி

முன்னொரு காலத்தில், அதிலும் பார்த்துக் கத்திரி வெயில் கொளுத்துகிற காலத்தில், ஒரு ராஜாவுக்கு மழையை வரவழைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. எந்த ராஜா, எந்த ஊர் என்று என்னைக் கேட்காதீர்கள். கதைக்கு ஒரு ராஜா போதும், ஊர் தானாக வந்துவிடும்.

நல்ல ராஜாதான். ஒரு வழக்கைத் தள்ளிப்போட்டவர் இல்லை, ஓர் ஏரிக்கரையைப் பார்க்காமல் விட்டவர் இல்லை. ஆனால் ஓர் இடத்தில் பத்து விநாடி உட்கார்ந்தவரும் இல்லை. அவருடைய ராணி உலகம்மை தை மாதத்திலிருந்து படுக்கையில் கிடந்தாள். எலும்புருக்கி நோய். சித்திரை கடைசியில் வைத்தியர் நாடியைப் பார்த்துவிட்டு, இனி மருந்து வேண்டாம், அம்மா கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ராஜாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் மனுஷன் முன்னைவிட வேகமாக ஓட ஆரம்பித்தார்.

காலையில் ராணியின் அறைக்கு வருவார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, "உலகு, இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஓலையோடு வந்து நிற்பார்கள், போய்விடுவார். யாரும் வராவிட்டால் தாமே ஒரு வேலையை நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் சபையில் உட்கார்ந்திருந்தவர், திடீரென்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: "உலகத்திலேயே சிறந்த பருவம் எது? ஒவ்வொருவரும் சொல்லுங்கள். யார் சொல்வது சிறந்ததோ, அதை ராணிக்காக வரவழைப்போம்."

பருவத்தை எப்படி வரவழைப்பது என்று யாரும் கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் அதையெல்லாம் கேட்பார்களா? ஆளாளுக்கு அளக்க ஆரம்பித்தார்கள். புலவர் தென்றலை இழுத்துக்கொண்டு வந்தார். கூடவே நிலா, குயில், மாம்பூ எல்லாம் வந்தன. தளபதி, தூசி கிளம்பாமல் தரை இறுகிக் கிடக்கிற பின்பனிக்காலம்தான் சிறந்தது, படை நடக்கலாம் என்றார். பண்டகசாலைக்காரர் நெல் காய்கிற வெயில் என்றார். அரண்மனைச் சோதிடர் உத்தண்டியார் எழுந்து, பன்னிரண்டு மாதமும் தை மாதமாகவே இருக்க வேண்டும், அதற்குப் பரிகாரம் தம்மிடம் இருக்கிறது, கொஞ்சம் செலவாகும் என்றார்.

கடைசியில் விகடகவி திருமேனியின் முறை வந்தது. சபையைச் சிரிக்கவைப்பதுதான் அவன் வேலை. அன்றைக்கு அவன் சிரிக்கவைக்கவில்லை. "மகாராஜா, காய்ச்சலில் கிடப்பது ராணியம்மா. நமக்கு எது பிடிக்கும் என்று நாம் ஏன் பேசிக்கொண்டிருக்கிறோம்? அவர்களைக் கேட்டால் ஆகாதா?" என்றான்.

இவ்வளவு சின்ன விஷயம் தமக்குத் தோன்றவில்லையே என்று உத்தண்டியாருக்கு வயிறு எரிந்தது. அவருக்குத் திருமேனி எது சொன்னாலும் வயிறு எரியும்.

ராஜா போய் வாசற்படிக்கு வெளியே நின்று கேட்டார். உலகம்மை மலையடிவாரத்து ஊரில் பிறந்தவள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் அந்த ஊர்ப் பேச்சு அவளைவிட்டுப் போகவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எனக்கு அடைமழைதான். எங்க ஊர்ல ஐப்பசியில புடிச்சா, விடிஞ்சுதா விடியலையான்னே தெரியாது. எங்கப்பா வேட்டைக்கும் போகமாட்டாக, பஞ்சாயத்துக்கும் போகமாட்டாக. எல்லாரும் ஒரே அறையில கெடப்போம். ஒரு ஈர நாயி உள்ள வந்து படுத்துக்கிடும், யாரும் வெரட்டமாட்டாக. பலாக்கொட்டைய நெருப்புல போட்டுச் சுடுவோம். சத்தம் கூரையில கேட்டுக்கிட்டே இருக்கும். அப்படி ஒரு நாள் கெடைச்சாப் போதும்."

இதில் ராஜாவின் காதில் ஏறியது மழை ஒன்றுதான். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வேகவேகமாகப் போனார். அவருக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. உத்தண்டியார் தலைமையில் யாகம் நடந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்று ஜபம் செய்தார்கள். குளத்தில் கழுத்தளவு தண்ணீர் இல்லாததால் உட்கார்ந்துகொண்டு செய்தார்கள். தவளைக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். கல்யாணப் பெண் தாலி கட்டும் நேரத்தில் கிணற்றுக்குள் குதித்துவிட்டது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. கடைசியில் நாலு யானைகளைக் கொண்டுவந்து, ராணியின் அறைக்கு மேலே தும்பிக்கையால் தண்ணீரைப் பீய்ச்சச் சொன்னார் உத்தண்டியார். ராணி கண்ணைத் திறந்து, "யாரோ மாடியக் கழுவுதாகளே" என்றாள். ஈரக்காற்று உள்ளே வந்து அன்று முழுக்க இருமினாள். இருமலோடு ரத்தமும் வந்தது.

ராஜா சோதிடர்மேல் சீறினார். தப்பிக்க வழி பார்த்த உத்தண்டியார், கையைக் கட்டிக்கொண்டு சபையில் சொன்னார்: "அரசே, ராணியாரைக் கேட்கச் சொன்னவர் திருமேனி. ஆசையைக் கிளப்பியவருக்கு அதை நிறைவேற்றவும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாளில் அவரே அடைமழையைக் கொண்டுவரட்டும். இயலாவிட்டால், நோயாளியை ஏமாற்றிய குற்றத்துக்கு ஊரைவிட்டுப் போகட்டும்."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். திருமேனி போனால் அவன் ஆசனம் காலியாகும், அதில் உட்கார நாலு பேர் காத்திருந்தார்கள். ராஜா திருமேனியைப் பார்த்தார். அது கோபப் பார்வை இல்லை. கையைப் பிடித்துக் கெஞ்சுகிறவனின் பார்வை.

"கொண்டு வா, திருமேனி. அதற்கு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள். அரண்மனையில் உன்னைத் தடுப்பார் யாரும் இல்லை."

"உத்தரவு, மகாராஜா," என்றான் திருமேனி.

ஒத்துக்கொண்டானே தவிர, அவனிடம் ஒரு வழியும் இல்லை. நேரே ராணியின் அறைக்குப் போனான். அவளிடம் போக அவனுக்குத் தடை கிடையாது. அந்த அரண்மனையில் அவன் சொல்லும் வேடிக்கைக்கு மனசார, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் ராஜா சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். தோழி செண்பகம் விசிறிக்கொண்டிருந்தாள். உலகம்மை பாதியாக இளைத்திருந்தாள். திருமேனி கட்டிலருகே தரையில் உட்கார்ந்து கேட்டான்.

"அம்மா, ஒரு சந்தேகம். அடைமழைன்னு கேட்டீங்களே, அதுல உங்களுக்கு வேணுங்கிறது அடையா, மழையா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ராணி சிரிக்கப்போனாள். பாதியில் நின்றுவிட்டாள். அவனையே பார்த்தாள்.

"மழைய வச்சு நான் என்ன செய்ய? எந்திரிச்சுப் போயி நனையவா போறேன்?" என்றாள். "எல்லாரும் ஒரு எடத்துல அடைஞ்சு கெடக்கணும், அதான் எனக்கு. அவுக இந்த வாசப்படியத் தாண்டி உள்ள வந்து ரெண்டு மாசமாச்சு, திருமேனி. வாராக, நிக்காக, போயிருதாக. ஒரு நாளு அவுகளுக்குப் போறதுக்கு எடமில்லாம இருந்தா நல்லாருக்கும்."

திருமேனி வணங்கிவிட்டு வெளியே வந்தான். தூணுக்குப் பின்னால் நின்று அழுதான். மேல்துண்டு நனைகிற அளவுக்கு அழுதான். எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்தவன், தன் அழுகையை நிறுத்தத் தெரியாமல் நின்றான்.

அழுது முடித்த பிறகு அவனுக்கு மூளை வேலை செய்தது. அடைமழையில் இரண்டு பாதி இருக்கிறது. மழை வானத்தின் கையில். அடை மனுஷன் கையில்.

இந்த இடத்தில் அந்த நாட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஊரைச் சுற்றி ஓடும் ஆறு பொல்லாதது. ராஜாவின் பாட்டனார் காலத்தில் ஓர் அடைமழையில் அவசர வேலை, அவசர வேலை என்று வெளியே கிளம்பிய எழுபது பேரை ஆறு கொண்டுபோய்விட்டது. பாட்டனாரின் கூடப்பிறந்த தம்பியும் அதில் ஒருவர். அழுது தீர்த்த பாட்டனார் ஒரு சட்டம் போட்டார். அடைமழை பிடித்தால் கோட்டை முரசை அடிக்க வேண்டும். அடித்த கணத்தில் எவர் எந்தக் கூரையின் கீழ் இருக்கிறாரோ அவர் அங்கேயே இருக்க வேண்டும். மறுபடி விடுமுரசு அடிக்கும்வரை வாசற்படி தாண்டக் கூடாது. அரசனும் இதற்கு விலக்கல்ல என்று கல்லில் வெட்டி வைத்தார். கடைசியில் இன்னொரு வரியும் உண்டு. மழை பெய்யாமல் பொய் முரசு அடித்தவனின் வலது கையை வெட்ட வேண்டும்.

மறுநாள் காலையிலேயே திருமேனி அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைக்கச் சொல்லி, ஒரு பாத்திரம் மாவையும், கரியடுப்பையும், தோசைக்கல்லையும் ராணியின் அறையில் கொண்டுபோய் வைத்தான். சேதி உத்தண்டியாருக்குப் போயிற்று. அடைமழை கொண்டுவரச் சொன்னால் அடை சுடப்போகிறான் மடையன் என்று விழுந்து விழுந்து சிரித்தார். வேறென்ன செய்கிறான் பார்க்கலாம் என்று அவரே வேவு பார்க்க வந்து, சமையல்கட்டுக்குப் பின்னால் கோழி அடைக்கிற கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டார்.

திருமேனி முரசு மண்டபத்தின் படியில் காத்திருந்தான். ராஜா ராணியின் அறைக்கு வருவது அங்கிருந்து தெரியும். வழக்கம்போல வாசற்படிக்கு வெளியே நின்றார். திருமேனி முன்பே சொல்லிக்கொடுத்தபடி செண்பகம், "மகாராஜா, அம்மாவுக்குத் தலையணை சரிஞ்சுருச்சு, என்னால ஒத்தையில தூக்க முடியல" என்றாள். ராஜா தயங்கினார். ஒரு கால் வைத்தார். இன்னொரு காலும் வைத்தார்.

முரசுக் காவலன் திருமேனியின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, வெயிலப் பாருங்க. கை போயிரும்."

"ராஜா எது வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லியிருக்காரு. நான் முரச எடுத்துக்கிறேன். கைய அப்புறம் பார்ப்போம்," என்றான் திருமேனி. ஓங்கி அடித்தான்.

கல் வெடிக்கிற வெயிலில் அடைமழை முரசு முழங்கியது. ஊரே திகைத்து வானத்தைப் பார்த்தது. ஆனால் பாட்டனார் காலத்துப் பயம் எல்லாருடைய எலும்பிலும் இருந்தது. கோட்டைக் கதவை மூடினார்கள். கடைக்காரன் கடைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டான். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துறை மண்டபத்துக்குள் ஒதுங்கினார்கள். கோழிக் கொட்டகையின் கதவைச் சமையல்காரன் வெளியிலிருந்து தாழ் போட்டான். உள்ளே உத்தண்டியாரும் முட்டையின்மேல் உட்கார்ந்திருந்த ஆறு அடைகோழிகளும் இருந்தார்கள். அடைகோழிக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. போனால் என்ன செய்யும் என்று சோதிடருக்குச் சீக்கிரமே தெரிந்தது.

ராணியின் அறைக்குள் நடந்ததைச் செண்பகம் பிற்காலத்தில் சொன்னாள். அவள் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன்.

ராஜா முதலில் வெளியே பாய்ந்தார். வாசல் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். அரசனும் விலக்கல்ல என்ற சட்டம் ராஜாவுக்கும் மனப்பாடம். திரும்பி வந்து சாளரத்தைத் திறந்தார். வெயில் கண்ணைக் குத்தியது.

"மழை எங்கே?" என்றார்.

"பெய்யுது," என்றாள் உலகம்மை. "வந்து உக்காருங்க."

கட்டிலின் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிறவரைப் போல உட்கார்ந்தார். உச்சிப்பொழுதுவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட யாரும் வரவில்லை. ஓலை வரவில்லை. நாழிகை சொல்லுகிறவனும் எங்கேயோ அடைந்து கிடந்தான். மத்தியானத்துக்குமேல் ராஜா காலை மேலே எடுத்துவைத்துச் சாய்ந்துகொண்டார். சாயங்காலம் அவள் கை அவர் கைக்குள் இருந்தது.

அடுத்த நாள் ராஜா அடை வார்த்தார். படை நடத்தத் தெரிந்தவருக்கு ஓர் அடையைத் திருப்பத் தெரியவில்லை. முதலாவது பிய்ந்தது. இரண்டாவது கரிந்தது. மூன்றாவதைத் தட்டில் வைத்துக் குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி காட்டினார். உலகம்மை ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். பல நாளாகக் கஞ்சி தவிர எதுவும் இறங்காத வாய். "உப்பில்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முரசு மண்டபம்வரை கேட்டது. திருமேனி அங்கே தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான்.

அன்றைக்குத்தான் ராஜா அதைச் சொன்னார். "உலகு, உள்ளே வந்து உட்கார்ந்தால் நீ போகப்போகிறாய் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன்."

"நீங்க வெளிய நின்னா மட்டும் நான் போகாம இருந்துருவேனாக்கும்?"

ராஜா அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். ராஜாக்கள் அழுவது கதையில் வழக்கமில்லை. இவர் அழுதார். அவள் அவருடைய தலைமுடியைக் கோதிக்கொண்டே, தன் ஊர் ஓடையைப் பற்றி, கல்யாணத்தன்று அவர் தலைப்பாகை கோணலாக இருந்ததைப் பற்றி, அதைச் சொல்லத் தனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்ததைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டுத்தான் பேசமுடிந்தது. அவருக்கு அவசரமில்லை.

மூன்றாம் நாள் பகல், சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால், பேச்சுக்கு நடுவில் உலகம்மை கண்ணை மூடினாள். ராஜா பதில் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு செண்பகத்தைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசல் காவலன் இந்தத் தடவை ஈட்டியை நீட்டவில்லை. ராஜா வெறுங்காலோடு வெயிலில் முரசு மண்டபத்துக்கு நடந்து வந்தார்.

"மழை விட்டுவிட்டது, திருமேனி. விடுமுரசு அடி," என்றார்.

திருமேனி குறுந்தடியை எடுக்கப் பார்த்தான். கையில் நிற்கவில்லை, கீழே விழுந்தது. ராஜாவே குனிந்து எடுத்து அடித்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்கு அடுத்த நாள் சபை கூடியது. உத்தண்டியார் எழுந்தார். மூக்கிலும் காதிலும் கோழி கொத்திய காயம் இன்னும் ஆறவில்லை. துக்கத்துக்காகத்தான் இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன் என்ற முகத்தோடு, ஓலையைப் பிரித்துப் படித்தார்.

"அரசே, சட்டம் தங்கள் பாட்டனாருடையது. முரசு ஒலித்த மூன்று நாளும் இந்நகரில் ஒரு துளி விழவில்லை. திருமேனி அடித்தது பொய் முரசு. வலது கையைக் கேட்கிறது சட்டம், நான் கேட்கவில்லை."

ராஜா திருமேனியைப் பார்த்து, என்ன சொல்கிறாய் என்று கேட்டார். எவ்வளவோ வழக்கில் எவ்வளவோ பேரை வாயால் மடக்கியவன் அவன். இந்தத் தடவை மடக்கவில்லை. முன்னால் வந்து வலது கையை நீட்டினான்.

"அடைமழை கேட்டார்கள். அடை என் கையில் இருந்தது, கொடுத்தேன். மழை என் கையில் இல்லை, மகாராஜா. சோதிடர் சொல்வது சரிதான்."

ராஜா சிங்காசனத்திலிருந்து இறங்கி வந்தார். நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். உத்தண்டியாரிடம் நிதானமாகக் கேட்டார்.

"சோதிடரே, அந்த மூன்று நாளும் நீர் எங்கே இருந்தீர்?"

"கோ... கோழிக் கொட்டகையில், அரசே."

"நான் ராணியின் அறையில் இருந்தேன். அங்கே மூன்று நாளும் மழை பெய்தது. உம்முடைய கொட்டகையில் பெய்யாததற்கு நான் என்ன செய்யட்டும்? பெய்ததற்கு நானே சாட்சி. நான் நனைந்தேன். இன்னும் காயவில்லை."

உத்தண்டியார் ஓலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ராஜா தம் கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றித் திருமேனியின் வலது கையில் போட்டார். இன்னும் என்ன வேண்டும், கேள் என்றார். ஊரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

"மகாராஜா, எனக்குக் கொஞ்ச நாள் விடுப்பு வேண்டும். சிரிக்கவைக்க என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது."

"விகடகவிக்கு அழ விடுப்பு," என்றார் ராஜா. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகம்மை போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே, தந்தேன் என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் ராஜா சிரிக்க வேண்டும், பரிசு கொடுக்க வேண்டும். சிரித்தார், கொடுத்தார், என்மேல் குற்றமில்லை. அவர் சிரித்ததும் கூடச் சேர்ந்து சிரிப்பது அந்தச் சபைக்கு வழக்கம். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.